எட்டாம் மைல் கல்

சைக்கிள் கடைக்குள் மலையாண்டி நுழைந்தபோது கூத்தையா ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். வந்தவனின் முகத்தைப் பார்த்ததும் டியூபை அப்படியே போட்டுவிட்டு எழுந்தான். பஸ் டிரைவர் ஒருவன் சாயங்கால டிரிப் நேரத்தில் காக்கிச் சட்டை இல்லாமல், வேட்டி கட்டிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். பெரிய விஷயங்கள் என்றால் கூத்தையாவுக்குக் கொள்ளைப் பிரியம்.

"மீரா சாகிபு பாய் இருக்காகளா?" என்று கேட்டான் மலையாண்டி.

பாய் இல்லாமல் எங்கே போவார்? இராமநாதபுரம் அரண்மனை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடையின் உள்மூலையில், மடக்கு நாற்காலியில், பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பாம்பன் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருடம் கொடி காட்டிக் கப்பல்களுக்கு வழி சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகு ஊர்க்காரர்களின் குழப்பங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். காணாமல்போன நகை, கள்ளக் கையெழுத்து, மொட்டைக் கடுதாசி என்று எது வந்தாலும் பதற மாட்டார். பதறுகிற வேலையைக் கூத்தையா பார்த்துக்கொள்வான்.

"பாய், என் லைசென்ஸ் போகப் போகுது" என்றான் மலையாண்டி. "எட்டு நாளைல மூணு கேஸ். ஓவர் ஸ்பீடாம். மூணாவது கேஸுக்கு லைசென்ஸையே பிடுங்கிருவாகளாம். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல விசாரணை."

"எவ்வளவு வேகத்துல போனியாம்?"

"நாப்பத்தஞ்சு மைலுன்னு எழுதியிருக்காரு புதுசா வந்த எஸ்.ஐ. முப்பதுதான் சட்டம். நான் முப்பதத் தொட்டதே கிடையாது பாய். புள்ள தலைல அடிச்சுச் சத்தியம் பண்றேன். பதினோரு வருசம் கிளீனரா வண்டியத் தொடச்சு வாங்குன லைசென்ஸு. அத விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

சொல்லும்போதே அவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. கூத்தையாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மலையாண்டி ஓட்டும் கீழக்கரை பஸ்ஸில் அவனும் போயிருக்கிறான். குறுக்கே ஆடு வந்தால் அது முழுக்கக் கடந்து போகும்வரை காத்திருந்து, அதற்கு வழியும் சொல்லிவிட்டுப் போகிற ஆள் அவன். பிரயாணிகள் அவனைக் கேலி பண்ணுவதே அதற்காகத்தான்.

"போட்டி பஸ் கம்பெனிக்காரன் வேலை பாய்" என்றான் கூத்தையா. "போலீஸோட ஸ்டாப் வாட்சுல கையை வச்சிருக்கான்."

"இருக்கலாம்" என்றார் மீரா சாகிபு. அவர் "இருக்கலாம்" என்றால் "இல்லை" என்று அர்த்தம் என்பது கூத்தையாவுக்குத் தெரியும். ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை.

"அந்த ரோட்டுல எவ்வளவு நாளா ஓட்டுற?" என்று பாய் கேட்டார்.

"ஒரு மாசம். மார்கழி முச்சூடும் அங்கன தார் போட்டாக. பஸ்ஸெல்லாம் உத்தரகோசமங்கை வழியாச் சுத்திப் போச்சு. தை பொறந்து புது ரோடு தெறந்ததும் முதுகுளத்தூர் லைன்ல இருந்து என்னையும் கண்டக்டரையும் இங்க மாத்திட்டாக."

"உன்னை மட்டுந்தான் பிடிக்கிறாங்களா?"

"பத்தொம்பது கேஸாம் பாய். வக்கீல் குமாஸ்தா வச்சிருக்காரே, தள்ளிவிட்டாத்தான் கிளம்புமே அந்தக் காரு, அது அம்பது மைல்ல போச்சுன்னு கேஸ்."

மீரா சாகிபு பேப்பரை மடித்து வைத்தார். அந்தக் காரைத் தள்ளிவிட்டவர்களில் அவரும் ஒருவர்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூத்தையாவின் சைக்கிள் கிளம்பியது. கேரியரில் மீரா சாகிபு, கையில் சங்கிலி போட்ட கடிகாரம். எதிர்க்காற்று, பாய் ஒன்றும் இலேசான ஆள் இல்லை. புது ரோடு கறுகறுவென்று, கோடு போட்டாற்போல் நேராகப் போனது. இருபக்கமும் பனை, உடைமரம், அறுத்துப்போட்ட வயல்.

"ஒவ்வொரு மைலுக்கும் எட்டு நிமிஷம் எடுக்குற கூத்தையா. அல்ஹம்துலில்லாஹ், கடிகாரம் மாதிரி ஓட்டுற" என்றார் பாய். கூத்தையா மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் மிதித்தான். அவர்கள் ஏழாம் மைல் கல்லைத் தொட்டபோது மணி ஏழு ஐம்பத்தாறு.

அங்கே ஒரு கான்ஸ்டபிள் கையில் சிவப்புக் கொடியோடு பனைமர நிழலில் நின்றார். ஏழாம் கல்லை வண்டி தாண்டும்போது அவர் கொடியை அசைப்பார். எட்டாம் கல்லில் இருக்கும் சப்-இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்து ஸ்டாப் வாட்சை அழுத்துவார். வண்டி எட்டாம் கல்லைத் தொட்டதும் நிறுத்துவார். ஒரு மைலுக்கு எத்தனை விநாடி என்று தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். ஏற்பாடு அவ்வளவுதான்.

"எங்களுக்கும் ஒரு தடவை கொடி காட்டுங்க தம்பி" என்றார் மீரா சாகிபு. கான்ஸ்டபிள் சிரித்தார். காலையிலிருந்து ஒரு வண்டியும் வராத சலிப்பில் அவருக்கும் அது பிடித்திருந்தது. கொடி அசைந்தது. கூத்தையா மிதித்தான்.

"வலது பக்கம் பர்லாங் கல்லுகளைப் பார்த்துக்கிட்டே வா" என்றார் பாய்.

ஒரு மைலுக்கு எட்டு பர்லாங். அதனால் இரண்டு மைல் கற்களுக்கு நடுவே ஒன்று முதல் ஏழு வரை எண் போட்ட ஏழு சிறு கற்கள் இருக்கும். கூத்தையா ஒன்று எண்ணினான், இரண்டு எண்ணினான், மூன்று, நான்கு எண்ணினான். ஐந்தாவது கல்லைத் தேடுவதற்குள் எட்டாம் மைல் கல்லே வந்துவிட்டது. அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மருதுபாண்டி எழுந்து கையைக் காட்டினார்.

"நாலு நிமிஷம்" என்றார் அவர், வாட்சைப் பார்த்து. "மணிக்குப் பதினைஞ்சு மைல். ஏலே, பின்னால ஆளை வச்சுக்கிட்டு, எதிர்க்காத்துல பதினைஞ்சு மைலா? நீ பந்தயத்துக்குப் போகலாம்டா."

கூத்தையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தனக்குள் இப்படி ஒரு பந்தயக்காரன் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருந்தக்கூடச் செய்தான். அந்த மயக்கத்தில் பர்லாங் கல்லை மறந்துவிட்டு, பிறகு நினைவு வந்து பாயின் காதில் கிசுகிசுத்தான்.

"மூணு கல்லக் காணோம் பாய். அம்மி கொத்துறவன் எவனோ திருடிட்டுப் போயிருக்கான்."

"இருக்கலாம்" என்றார் பாய்.

மருதுபாண்டி கெட்டவர் இல்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து இருபது நாள்தான் ஆகிறது. முறுக்கிய மீசையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, சட்டம் என்றால் சட்டம் என்று இருந்தார். மீரா சாகிபு யாரென்று தெரிந்ததும் மரியாதையாகத் தன் நோட்டைக் காட்டினார். மலையாண்டியின் பஸ் மூன்று தடவையும் எண்பது விநாடிக்கு முன்பின்னாக வந்திருந்தது. மைலுக்கு எண்பது விநாடி என்றால் மணிக்கு நாற்பத்தைந்து மைல். கணக்கில் பிழை இல்லை.

பாய் தம் கடிகாரத்தை ஸ்டாப் வாட்சோடு வைத்து ஐந்து நிமிடம் ஒத்துப்பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் ஓடின. போட்டிக் கம்பெனிக்காரனைக் கூத்தையா மனசில்லாமல் விடுதலை செய்தான்.

"கண்ணுல கோளாறு இருக்குமோன்னு நெனைக்கிறீங்களா பாய்?" என்று மருதுபாண்டி சிரித்தார். "அங்கன பாருங்க, ஏழாம் கல்லு. நம்ம ஆளு பீடி பத்த வைக்கிறது தெரியுதா? எனக்குத் தெரியுது."

கூத்தையா பார்த்தான். அவனுக்கும் தெரிந்தது.

"நல்ல கண்ணு" என்றார் மீரா சாகிபு. "அந்தப் பக்கம் ஒன்பதாம் கல்லுல ஆளை நிறுத்திப் பார்த்தீங்களா?"

"மொத நாள் பார்த்தேன். கொடியே தெரியல. அந்தப் பக்கம் உப்புக்காத்துல ஒரே மங்கல். அதான் இந்தப் பக்கம் மாத்திட்டேன்."

மீரா சாகிபு தலையாட்டிக்கொண்டே எட்டாம் கல்லைச் சுற்றி வந்தார். சுண்ணாம்பு அடித்த கல். உச்சியில் ஒரு மஞ்சள் பொட்டு. அடியில் மண் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. பக்கத்தில் உட்கார வசதியாக நாலைந்து பனந்துண்டுகள். அந்த இடத்தில்தான் பனையடிக்குடி என்ற ஊரிலிருந்து வரும் வண்டிப்பாதை தார் ரோட்டில் வந்து சேர்ந்தது.

"இராமநாதபுரம் எட்டு" என்று கல்லின் முகத்தைப் படித்தான் கூத்தையா. "ஏழாம் கல்லு நமக்குக் 'கீழக்கரை மூணு'ன்னு காட்டுச்சு பாய். இது நாம விட்டுட்டு வந்த ஊரக் காட்டுது."

"சபாஷ்" என்றார் பாய். "வண்டியை எடு. இன்னும் கொஞ்சம் தூரம் போவோம்."

அவர்கள் கீழக்கரைப் பக்கமாகப் போனார்கள். சிறிது தூரத்தில் ஒரு பர்லாங் கல் வந்தது. அதில் ஐந்து என்று எழுதியிருந்தது. அடுத்ததில் ஆறு. அதற்கடுத்ததில் ஏழு. கூத்தையா பிரேக்கைப் பிடித்துவிட்டான். அவன் தேடிய அம்மி கொத்துகிறவன் மூன்று கற்களையும் பத்திரமாகத் திருப்பி வைத்திருந்தான். இன்னும் ஒரு பர்லாங் போனதும், ரோட்டோரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. மைல் கல்லின் அடி அளவுக்குச் சதுரம், ஓரத்தில் பழைய சுண்ணாம்புத் துகள். பாய் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தாடியைத் தடவிக்கொண்டார்.

கூத்தையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கூடவே, தான் பந்தயக்காரன் இல்லை என்பதும் விளங்கியது. அது கொஞ்சம் வலித்தது.

கீழக்கரை வரை போய் மற்றக் கற்களையும் பார்த்து, டீ குடித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது மணி பத்தாகிக்கொண்டிருந்தது. எட்டாம் கல்லைச் சுற்றிப் பனையடிக்குடிப் பெண்கள் ஓலைப்பெட்டி அடுக்குகளோடு இராமநாதபுரம் சந்தைக்குக் கிளம்பி நின்றார்கள். முன்னால் நின்றவள் நாகலெட்சுமி; ஐம்பது வயது, கணீரென்ற குரல். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸும் வந்து நின்றது. வேகம் குறைக்க வேண்டிய அவசியமே இல்லாத வேகத்தில் வந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். மலையாண்டி எஸ்.ஐ.யைப் பார்த்ததும் வெளிறிப்போனான்.

"கொஞ்சம் இறங்கி வா மலையாண்டி" என்றார் மீரா சாகிபு. "அய்யா, நீங்களும் கேட்கணும். ரெண்டு நிமிஷம்."

எல்லோரும் கூடினார்கள். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள்.

"அய்யாவோட வாட்ச் சரி. நானே ஒத்துப்பார்த்தேன்" என்று தொடங்கினார் பாய். "கொடி காட்டுற தம்பி ஒழுங்கானவர். அய்யாவோட கணக்கும் சரி. மலையாண்டியும் பொய் சொல்லல. இந்த பஸ் நாப்பத்தஞ்சு மைல்ல போனா நட்டும் போல்ட்டும் தனித்தனியாத்தான் ஊர் போய்ச் சேரும். நேரம் சரி, வண்டி சரி, மனுஷனும் சரி. மிச்சம் இருக்கிறது மைல்தான்."

மருதுபாண்டியின் மீசை அசைந்தது. "மைலா?"

"கடையிலேர்ந்து ஏழாம் கல்லு வரைக்கும் கூத்தையா மைலுக்கு எட்டு நிமிஷம் எடுத்தான். ஏழுலேர்ந்து எட்டுக்கு மட்டும் நாலே நிமிஷம். காத்தும் மாறல, ஆளும் மாறல. அப்ப இது பாதி மைல். பாம்பன்ல நான் இருபத்தெட்டு வருஷம் தூரத்துக் கொடி பார்த்தவன். ஒரு மைல் தள்ளி ஒருத்தன் பீடி பத்த வச்சா யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுது. ஆனா ஒன்பதாம் கல்லுல கொடியே தெரியல. அது உப்புக்காத்து இல்லை அய்யா. அது ஒன்றரை மைல்."

பிறகு பர்லாங் கற்களைச் சொன்னார். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு மைல் கல் நிற்க நியாயமே இல்லை என்றார். அரை மைல் தள்ளி, அது நிற்க வேண்டிய இடத்தில் பள்ளம் காத்திருப்பதையும் சொன்னார்.

"தார் போட்டப்ப கல்லையெல்லாம் பிடுங்கி ஓரத்துல போட்டிருப்பாங்க. மத்ததையெல்லாம் மேஸ்திரி திரும்ப நட்டுட்டார். இதை மட்டும் விட்டுட்டார். விட்டதை வேற யாரோ, நல்ல மனசோட, சுண்ணாம்பு அடிச்சு, பொட்டு வச்சு, முகத்தை மாத்தி நட்டிருக்காங்க. எழுத்துப் படிக்கத் தெரிஞ்சவங்க முகத்தை மாத்த மாட்டாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யார்னு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை."

பெண்களில் ஒருத்தி ஓலைப்பெட்டியின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமி மலையாண்டியைப் பார்த்தாள்.

"தம்பி, இந்தக் கல்லாலயா ஒனக்குக் கேஸு?"

"ஆமாக்கா. திங்கக்கிழமை லைசென்ஸு போயிரும்."

"அட பாவி மனுசா, ஏன்டா சொல்லல?" என்றாள் அவள். எஸ்.ஐ. பக்கம் திரும்பினாள். "சாமி, நாந்தான் நட்டேன். நாங்க பதினோரு பேரும் சேந்து, மாட்டு வண்டில ஏத்தியாந்து நட்டோம். பஸ்ஸுக்காரன் மைல் கல்லுலதான் நிப்பாட்டணும், வேற எங்கனயும் நிக்கக் கூடாதுன்னு கம்பேனில சட்டம். கல்லு அரை மைலுக்கு அங்கிட்டு இருந்துச்சு. ஐப்பசி மழையில எம்மக வலி கண்டு துடிச்சா. கட்டில்ல வச்சுத் தூக்கிக்கிட்டு கல்லு நிக்கிற எடத்துக்கு ஓடுறோம். பஸ்ஸு எங்களத் தாண்டியே போச்சு. கையெடுத்துக் கும்பிட்டோம், நிக்கல. பேரன் ரோட்டோரத்துலதான் பொறந்தான்."

அவள் திரும்பிக் கல்லைக் காட்டினாள்.

"தார் போட்டு முடிஞ்சும் கல்லு நாதியத்துக் கெடந்துச்சு. பஸ்ஸு நிக்கிறதுக்குத்தான சாமி கல்லு? நிக்கிற எடத்துல நட்டுக்கிட்டோம். இதுல தூரத்த வேற அளப்பாகன்னு எங்களுக்கு யாரு சொன்னா?"

கூத்தையாவும் கல்லைப் பார்த்தான். அவனுக்கும் அப்படித்தானே தெரியும்? பஸ்ஸுக்காகத் தவிர மைல் கல்லை அவன் எதற்குத் தேடியிருக்கிறான்?

"அரசாங்கக் கல்லை இடம் மாத்துறது கிரிமினல் குத்தம்" என்றார் மருதுபாண்டி. பழக்க தோஷத்தில் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டார்.

மலையாண்டி குறுக்கே வந்து நின்றான். "அய்யா, இவுகள மாட்டிவிட்டு எனக்கு லைசென்ஸு வேணாம். வேகமாத்தான் போனேன்னு எழுதிக்கங்க. கையெழுத்துப் போடுறேன்." அவன் நகரவில்லை. மீரா சாகிபு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருதுபாண்டி நோட்டைப் புரட்டினார். பத்தொன்பது கேஸ். எட்டு நாள் வெயிலில் உட்கார்ந்து பிடித்தவை. அத்தனையும் பாதி மைலில் பிடித்தவை. அந்த மனிதர் அப்போது பட்ட வெட்கத்தைப் பார்க்கக் கூத்தையாவுக்கே பாவமாக இருந்தது.

"புள்ள எப்படி இருக்கான்?" என்று கேட்டார் எஸ்.ஐ., நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்லாருக்கான் சாமி. அழுதா நாலு தெருவுக்குக் கேக்கும்."

பென்சில் ஓடத் தொடங்கியது. எழுதி முடித்ததை அவரே சத்தமாகப் படித்தார்: "தார் போடும்போது அகற்றப்பட்ட எட்டாம் மைல் கல், மறுபடி நடப்பட்டபோது இடம் தவறியிருப்பது விசாரணையில் தெரியவந்தது. ஆகவே பத்தொன்பது வழக்குகளையும் தள்ளுபடி செய்யப் பரிந்துரைக்கிறேன்." நிமிர்ந்து மீரா சாகிபைப் பார்த்தார். "இதுல ஏதாவது பொய் இருக்கா பாய்?"

"ஒரு எழுத்துகூட இல்லை அய்யா" என்றார் பாய்.

மலையாண்டி பஸ்ஸின் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கண்டக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஜன்னலில் நீட்டிய தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன.

"அப்ப இந்தக் கல்லு?" என்றாள் நாகலெட்சுமி.

"கல்லு அது இருக்க வேண்டிய இடத்துக்கு இன்னைக்கே போகணும்" என்றார் மருதுபாண்டி. "அதுல விட்டுக்கொடுக்க முடியாது."

பெண்களின் முகம் விழுந்தது. பழையபடி அரை மைல்; பழையபடி தலைச்சுமை; அடுத்த ஐப்பசியில் யாருடைய மகளோ. கூத்தையா பாயைப் பார்த்தான், ஏதாவது செய்யுங்கள் என்பதுபோல. பாயிடமும் இதற்கு வழி இல்லை.

மருதுபாண்டி தொப்பியை மாட்டினார். வண்டிப்பாதையை ஒரு தடவை பார்த்தார், தார் ரோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு டிரைவரையும் கண்டக்டரையும் பார்த்து, அதிகாரம் குறையாத குரலில் சொன்னார்:

"இந்த ரோட்டுல வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது என் பொறுப்பு. நாளையிலேர்ந்து இந்தப் பாதை முக்குல என் செக்போஸ்ட். கீழக்கரைக்குப் போற பஸ்ஸும் வார பஸ்ஸும் இங்கன நின்னு, டிரைவர் நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகணும். மழைன்னாலும் நிக்கணும், நிக்காத வண்டிக்கு கேஸ். உங்க கம்பெனிக்கு நானே எழுதுறேன்."

கூத்தையாவுக்கு முதலில் புரியவில்லை. பெண்களுக்கு அவனைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது.

"சாமி," என்றாள் நாகலெட்சுமி, மெதுவாக, "ஒரு கையெழுத்துப் போட எம்புட்டு நேரம் ஆகும்?"

மருதுபாண்டி ஓலைப்பெட்டி அடுக்குகளை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்த்தார்.

"நீங்க பதினோரு பேரும் ஏறி உக்கார்ற வரைக்கும் ஆகும்" என்றார்.